துவக்குச் சந்தையில் கிடைத்த வேல்

மருந்துப் போத்தலில் இருக்கிற எழுத்தை வாசிக்கக் கண்ணாடியைத் தேடுகிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். இத்தாலியில், அல்பெர்கேரியாச் சந்துகளில் என்னோடு ஓடித் திரிந்த உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். என் பிள்ளைகளுக்குச் சொன்னால், "துவக்கு விக்கிற இடத்திலை சாமியும் வித்தவங்களோ?" என்று சிரிக்கிறார்கள். விற்றார்கள். நான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சாமி எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது. எதிர் வீட்டுக்குப் போய்விட்டது.

பல்லாரோச் சந்தைக்குப் பின்புறம், மீன் தண்ணீர் ஓடுகிற சந்தில் இருந்தது நாங்கள் குடியிருந்த கட்டடம். மேல் மாடியில் இரண்டே கதவுகள், நேருக்கு நேர். ஒரு கதவுக்குள் அம்மா, அப்பா, நான். மற்றக் கதவுக்குள் மொரிசியஸ் அன்ரியும் அவருடைய மகளும். அன்ரியின் கணவர் கப்பலில் சமையல்காரர். எப்போதாவது வந்து, கொஞ்ச நாள் தூங்கி, திரும்பப் போய்விடுவார். அப்பா சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறிக்கப் போவார். குளிர்காலம் முழுக்க அவருடைய விரல்களில் அந்தத் தோலின் மணம் இருக்கும். அம்மா லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்துக் கொடுத்துக் கொண்டிருந்தார்.

அன்ரியின் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அவளுக்கு முடி இடுப்பு வரைக்கும். எனக்குப் பேன் வந்ததென்று அம்மா காதளவில் வெட்டி விட்டிருந்தார். அவளுக்குத் தனிக் கட்டில். நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் படுத்தேன். அவள் இத்தாலியன் கதைத்தால் சந்தையில் மீன் வெட்டுகிறவரின் மகள் கதைப்பதுபோல் இருக்கும். நான் வாய் திறந்தால் வகுப்பில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவளிடம் இல்லாத ஒன்றே ஒன்று தமிழ். அது எங்கள் வீட்டில் இருந்தது. அவளும் அன்ரியும் தமிழரென்றுதான் சொல்வார்கள், முருகனைத்தான் கும்பிடுவார்கள். ஆனால் வீட்டுக்குள் கதைத்தது அவர்களுடைய தீவுப் பாஷை. அன்ரிக்கு மொத்தமாகத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடி. அம்மா அதைச் சொல்லிக் காட்டுவதில் சலித்ததே இல்லை.

"பேர் மட்டும் தமிழ். வாயைத் திறந்தால் ஒண்டும் இல்லை" என்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கு வைப்போம். சுற்றுச் சந்துகளில் இருந்த யாழ்ப்பாணத்து ஆக்கள் வருவார்கள். நீங்களும் வந்திருக்கிறீர்கள், அந்தச் சின்ன அறையில் முழங்காலோடு முழங்கால் இடிபட. அம்மா பாடுவார். அம்மாவின் குரல் மெல்லியது அல்ல. சந்தையின் இரைச்சலுக்கு மேலால் போகும். அன்ரியும் மகளும் கதவோரம் இருந்து கேட்பார்கள். அவள் எங்கள் வீட்டுத் தரையில் இருந்துகொண்டு என் அம்மாவை அண்ணாந்து பார்க்கிற அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். வாரம் முழுக்க நான் அவளுடைய முடியைப் பார்த்துப் பொறாமைப்படுவேன். வெள்ளிக்கிழமை அவளுடைய முறை என்று நினைத்துக் கொள்வேன்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மாவுக்கும் அன்ரிக்கும் புது வேலை ஒன்று சேர்ந்து வந்தது. மலையடிவாரத்துக் கண்காட்சி மைதானத்தில் வேட்டைத் துவக்குகள் விற்கிற பெரிய சந்தை போட்டிருந்தார்கள். மண்டபத்தின் தரை துடைக்க, குப்பை அள்ள ஆள் தேவைப்பட்டது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நீல மேலங்கி கொடுத்தார்கள். வீட்டில் எங்களைப் பார்க்க யாரும் இல்லாததால் பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருவரும் அங்கே போய், வாளிகள் வைக்கிற அறையில் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "துவக்குக்குப் பயந்துதானே வந்தனாங்கள். உதுக்குள்ளை பிள்ளையைக் கொண்டு போறீர்" என்றார்.

"அது பன்றி சுடுற துவக்கு" என்றார் அம்மா.

"துவக்குக்கு அது தெரியுமோ?"

ஆனாலும் போனோம். அப்பா பஸ் தரிப்பு வரைக்கும் வருவார். மைதானத்து வாசலுக்குள் கால் வைக்க மாட்டார்.

வாளி அறையில் நாங்கள் இருந்தது மிகக் குறைந்த நேரம்தான். மண்டபத்துக்குள் துவக்குகள் வரிசை வரிசையாகச் சாத்தியிருந்தன. எண்ணெய் மணம், தோல் மணம். ஆனால் நான் எதிர்பார்க்காதது மற்றச் சாமான்கள். துவக்கு மேசைக்குப் பக்கத்து மேசையில் ஒரு கிழவி தேன் விற்றார். அவருக்கு அடுத்ததாகக் காட்டுப்பன்றி இறைச்சியில் செய்த சொசேஜ் மாலை மாலையாகத் தொங்கியது. கைக்குழந்தைக்குப் போடுகிற சட்டை, ராணுவக்காரரின் இலைப் பச்சை நிறத்தில், பால் துடைக்கிற துணியோடு சேர்த்து. நாய்க்குச் சப்பாத்து. நாய்க்கு வெயிற்கண்ணாடி. துவக்கு ரவையின் வடிவத்தில் மெழுகுதிரி. கைத்துப்பாக்கி வடிவத்தில் சொக்லேட். அதைப் பொன்னிறத் தாளில் சுற்றி நாடா கட்டி வைத்திருந்தார்கள். தொப்பியில் குத்துவதற்கு ஃபஜானோ என்கிற காட்டுக்கோழியின் நீண்ட வால் இறகுகள். ஊதினால் தாரா மாதிரிக் கத்துகிற விசில். அதை ஒருவர் ஊத, இன்னொருவர் ஊத, மண்டபம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பறவைகள் பறப்பது போல் இருக்கும்.

இறந்த பறவைகளைப் பதப்படுத்துகிற ஒருவரின் மேசையில் கண்ணாடிக் கண்கள் இருந்தன. பச்சைத் துணி விரித்த தட்டுகளில், நரிக்கு, முயலுக்கு, ஆந்தைக்கு என்று பிரித்து. எல்லாம் எங்களைப் பார்த்தன. அன்ரியின் மகள் குனிந்து, அந்த மனிதரிடம், "இதெல்லாம் இரவில் மூடுமா?" என்று கேட்டாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, ஓர் ஆந்தைக் கண்ணை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். தேன் நிறம், நடுவில் கறுப்பு. நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் தரவில்லை. மறுநாள் நான் தனியாகப் போய் அந்த மேசைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். அவள் கேட்டதுபோல் ஏதாவது கேட்க வேண்டும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் "இது என்ன விலை?" என்றுதான் வாயில் வந்தது. அவர் விலையைச் சொன்னார். நான் வந்துவிட்டேன். அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்றார்.

முருகனின் வேலைக் கண்டது அம்மா. மண்டபத்தின் கடைசி வரிசையில் பழைய ஆயுதங்கள் விற்கிற மீசைக்காரர் ஒருவர் இருந்தார். துருப்பிடித்த வாள்கள், தலைக்கவசங்கள், துவக்கு முனையில் செருகுகிற கத்திகள். அவற்றுக்கு நடுவில் முழங்கை நீளத்தில் ஒரு பித்தளை வேல். இலைபோல் அகன்று கூரானது. அதன் நெஞ்சில் திருநீற்றுக் குறியாக மூன்று கோடுகள் செதுக்கியிருந்தன. 'இந்திய ஈட்டி முனை' என்று இத்தாலியனில் ஒரு சின்ன அட்டை. நான் அப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா துடைப்பானைச் சாத்தி வைத்தார், கையை மேலங்கியில் இரண்டு பக்கமும் துடைத்தார், சப்பாத்தைக் கழற்றினார். வெறுங்காலோடு அந்த ஈரத் தரையில் நின்று கும்பிட்டார். வாள் பார்க்க வந்த ஆண்கள் விலகி நின்றார்கள்.

அம்மாவின் இத்தாலியன் அவ்வளவுக்கு இல்லை. நான்தான் கேட்டுச் சொன்னேன். சம்பளம் ஞாயிற்றுக்கிழமை வரும், அதுவரை யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள் என்று. மீசைக்காரர் தலையாட்டி, அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மேசைக்குக் கீழே வைத்தார். நல்ல மனிதர். அட்டையையும் எடுத்துவிட்டார்.

அந்த இரண்டு நாளும் அம்மா நடந்த நடையே வேறு. "கோயிலே இல்லாத ஊரிலை முருகன் என்னைத் தேடி வந்திருக்கிறார்" என்று அப்பாவிடம் சொன்னார். படத்துக்குக் கீழே பலகை அடித்துத் தரச் சொன்னார். அப்பாவும் அடித்தார். அன்ரியிடம் மூச்சும் விடக் கூடாதென்று எனக்குக் கட்டளை. நான் விடவில்லை. ஆந்தைக் கண்ணை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக் கொண்டு திரிந்தவளைப் பார்த்து, இரு, இரு என்று மனதுக்குள் சொல்லிக் கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் மாடி ஏறி வந்தபோது எதிர் வீட்டில் சாம்பிராணி மணத்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அன்ரி சின்ன மேசையில் சிவப்புத் துணி விரித்து, அதன் நடுவே அந்தப் பித்தளை வேலை நிறுத்தி வைத்திருந்தார். நெற்றி முழுக்கத் திருநீறு. எங்களைக் கண்டதும் அழுதுகொண்டே, "முருகன், அக்கா. முருகன் வந்தது" என்றார்.

அம்மா எங்கள் கதவைத் திறந்து, என்னை உள்ளே இழுத்து, சாத்தினார். பிறகு அடுப்படியில் போய்ப் பாத்திரங்களைக் கழுவினார், கழுவியவற்றைத் திரும்பக் கழுவினார்.

"கள்ளி. நான் கும்பிட்டதைக் கண்டிருக்கிறாள். காசைக் காட்டி வாங்கிப் போட்டாள்" என்று அப்பாவிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மைதானத்துக்குள் வந்தார். அதை நான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன். வாசலில் நின்று, சட்டைப் பையில் பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் கொண்டார். ஒரு மேசையில் ஒருவர் துவக்கை எடுத்துக் கண்ணோடு வைத்துக் குறி பார்த்தார். அப்பா என்னைத் தன் பின்பக்கம் இழுத்து விட்டு அசையாமல் நின்றார். அந்த மனிதர் துவக்கைக் கீழே வைக்கும் வரைக்கும் நின்றார். பிறகு நடந்தோம்.

மீசைக்காரருக்கு நாங்கள் கேட்டது விளங்கவில்லை. "உங்கள் மனைவிதானே வாங்கினார்? நீல மேலங்கி, நெற்றியில் பொட்டு. நேற்று இந்தப் பக்கம் துடைக்க வந்தார். சிஞ்ஞோரா, உங்கள் ஈட்டி பத்திரமாக இருக்கிறது என்று நானே கூப்பிட்டுக் கொடுத்தேன். முத்தமிட்டு வாங்கிக் கொண்டு போனாரே" என்றார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

அப்பா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசலைத் தாண்டியதும் சிரிக்கத் தொடங்கினார். பஸ்ஸிலும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அவ களவெடுக்கேல்லை. அவன் ஆள் மாறிக் குடுத்திட்டான். உம்மை எண்டு நினைச்சு" என்றார்.

ஆறுதல் வரும் என்று அவர் நினைத்தார். அம்மாவின் முகம் அதற்குப் பிறகுதான் உண்மையில் கறுத்தது.

"என்னையும் அவளையும் ஒண்டெண்டு நினைச்சவனோ? நான் அவளை மாதிரியோ இருக்கிறன்?"

"இரண்டு பேரும் நீலச் சட்டை. அவனுக்கு என்ன தெரியும்?"

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. இது எங்கடை வேல், ஆள் மாறி வந்தது எண்டு."

"இஞ்சேரும், அவ முருகன் தேடி வந்தவர் எண்டு அழுகிறா. அதைப் போய்ப் பிடுங்கச் சொல்லுறீரோ? அவவுக்கு ஒண்டும் தெரியாது. விடும்."

அப்பா அப்படித்தான். யாரையும் நல்லவராகவே முதலில் நினைப்பார். நானும் அவர் சொன்னதை நம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆக்கள் வழக்கம்போல் மாடி ஏறி வந்தார்கள். இந்தப் பக்கம் படம், அந்தப் பக்கம் வேல். கொஞ்சம் தயங்கி, அந்தப் பக்கம் போனார்கள். உங்கள் வீட்டாரும்தான் போனார்கள், குற்றம் சொல்லவில்லை. அன்ரிக்குப் பாடத் தெரியாது. பாட்டுக் கசெற் ஒன்றைப் போட்டார். அம்மா எங்கள் கதவை அகலத் திறந்து வைத்து, விளக்கை ஏற்றி, அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் பாடினார். கசெற்றின் சத்தம் கூடியது. அம்மாவும் கூட்டினார். கீழ் மாடிக் கிழவர் தும்புத்தடியால் கூரையில் இடித்தார்.

தைப்பூசத்துக்கு அன்ரி காவடி எடுக்கப் போவதாகச் சொன்னார். அவருடைய தீவில் அதுதான் பெரிய நாள். மயில் இறகுக்கு எங்கே போவது? துவக்குச் சந்தையில் கண்டு வைத்த காட்டுக்கோழி இறகுகளை வாங்கியிருந்தார். வளைத்துக் கட்டுவதற்குக் காயும் இலையுமாக மண்டரின் கொப்புகள் கொண்டு வந்து கொடுத்தது வேறு யாருமில்லை, என் அப்பா. அம்மா அவரோடு கதைப்பதை நிறுத்தினார்.

அன்று காலை அம்மா முழுகி, கூறைச் சேலையை எடுத்து உடுத்தார். என்னிடம் மட்டும், "எல்லாருக்கும் முன்னாலை சொல்லப் போறன். அது ஆருக்கு வந்த வேல் எண்டு சனம் அறியட்டும்" என்றார். எனக்கு அன்ரியின் மகளுடைய முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

அன்ரி தோளில் அந்தச் சின்னக் காவடியைத் தூக்கிக் கொண்டு சந்தில் இறங்கினார். மகள் வேலை நெஞ்சோடு அணைத்துக் கொண்டு முன்னால் போனாள். ஒருவர் கசெற் பெட்டியைத் தூக்கி வந்தார். சந்தையில் மரக்கறிக்காரர்கள் கூவுவதை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டுக் கொண்டாள். நடுச் சந்தியில் கசெற் இழுபட்டு, ஒருவர் தூக்கத்தில் புலம்புவதுபோல் ஆகி, நின்றது. தட்டிப் பார்த்தார்கள். பாடவில்லை. எல்லோரும் நின்றுவிட்டோம். அன்ரி காவடியோடு மெல்லத் திரும்பினார். கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினார்.

"அக்கா. பாட்டு" என்றார்.

அம்மாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்தேன். "சொல்லுங்கோ அம்மா" என்று முணுமுணுத்தேன். அம்மா என் கையைத் தட்டி விட்டார். ஒரு மூச்சு எடுத்தார். பாடினார்.

திரும்பி வீடு வரும்வரைக்கும் பாடினார். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் வந்த ஒருவர் என்னைக் காட்டி, பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்றார்.

மேலே வந்து மற்றவர்கள் உள்ளே சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, இரண்டு கதவுக்கும் நடுவில் வைத்து அம்மா அன்ரியைப் பிடித்தார். பாடிப் பாடித் தொண்டை கட்டிப் போயிருந்தது. மீசைக்காரரிடம் சொல்லி வைத்தது தான் என்றும், அவர் ஆள் மாறிக் கொடுத்துவிட்டார் என்றும் அரைகுறை இத்தாலியனில் சொன்னார். நான் எங்கள் வாசற்படியில் நின்று அன்ரியின் முகத்தையே பார்த்தேன்.

அன்ரி திடுக்கிடவில்லை. "நான் தெரியும்" என்றார்.

அம்மாவுக்கு விளங்கவில்லை.

"நான் தெரியும், அக்கா. உங்கள் வேல்." பிறகு இத்தாலியனில் கதைத்தார், மெதுவாக, அம்மாவுக்கு விளங்கும்படி. நீங்கள் கேட்டு வைத்த சாமான் என்று அந்த மனிதர் சொன்னபோது, நான் எதையும் கேட்டு வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பொட்டு வைத்த வேறு யார் அங்கே இருந்தார்கள்? நீங்கள்தான் என்று அந்த இடத்திலேயே விளங்கியது. தாளைப் பிரித்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால் அது உங்கள் வீட்டுக்குப் போகும். உங்களிடம் மொழி இருக்கிறது. பாட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை எல்லோரும் உங்களிடம் வருகிறார்கள். நான் கதவோரத்தில் இருந்து எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறேன். முருகனும் உங்களிடமே வருவாரா?

என் அப்பா உள்ளே இருந்து கையில் சோற்றோடு எட்டிப் பார்த்துக் கொண்டு நின்றார். யாரையும் நல்லவராக நினைக்கிற அவருடைய முகம் அப்போது இருந்த நிலை எனக்கு மறக்கவில்லை.

அம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். கூந்தலைப் பிடிப்பார் என்றும் நினைத்தேன். அவர் அன்ரியை நெடுநேரம் பார்த்தார். தன்னைப் பார்த்து ஒருவர் இவ்வளவு பொறாமைப்பட்டிருக்கிறார் என்பதை அவர் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அது அவருக்குக் கசக்கவில்லை என்றும் தோன்றுகிறது.

"வேலைத் திருப்பித் தாறியளோ?" என்று தமிழில் கேட்டார்.

அன்ரி தலையை அசைத்தார். மாட்டேன் என்று. பிறகு, "என் மகள். பாட்டுச் சொல்லிக் குடுங்க, அக்கா" என்றார்.

"வரச் சொல்லுங்கோ" என்றார் அம்மா.

அப்படித்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில், என் கதிரையில் இருப்பாள். முதலில் நெடிலெல்லாம் குறிலாக வந்தது. அம்மா மேசையில் விரலால் தட்டித் தட்டி இழுக்கச் சொல்வார். அவள் இழுத்தாள். அவளுக்குக் குரல் இருந்தது. அம்மாவின் குரலைப் போலவே சந்தைக்கு மேலால் போகிற குரல். எனக்கு வராத குரல். "நீயும் வந்து இரு பிள்ளை" என்று அம்மா ஓரிரண்டு தரம் கூப்பிட்டார். எனக்குப் பள்ளி வேலை இருக்கிறது என்றேன். பிறகு கூப்பிடவில்லை.

வெயில் கொஞ்சம் சூடு பிடித்த ஒரு பின்னேரம். இரண்டு கதவும் காற்றுக்குத் திறந்திருந்தன. நான் அடுப்படி வாசலில் நின்று பிந்திக் காய்த்த மண்டரின் ஒன்றை உரித்துக் கொண்டிருந்தேன். அவள் ஒரு பாட்டைப் பிழையில்லாமல் முதலில் இருந்து கடைசி வரைக்கும் பாடி முடித்தாள். முடித்துவிட்டு, "சரியா, அம்மா?" என்றாள். அன்ரி என்று சொல்ல வந்தது வாய் தவறியிருக்கலாம். அம்மா திருத்தவில்லை. கையை நீட்டி அவளுடைய நாடியைத் தொட்டு, அந்த விரல்களைத் தன் உதட்டில் வைத்துக் கொண்டார்.

நான் பார்வையைத் திருப்பினேன். மாடிப்படியின் உச்சியில், இடுப்பில் உடுப்புக் கூடையோடு அன்ரி நின்றார். அவர் மகளைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்துக் கொண்டு நின்றார். அந்த முகம் எனக்குப் புதிதல்ல. எங்கள் அலுமாரிக் கண்ணாடியில் நான் அதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு அவர் என்னைக் கண்டார். நானும் பார்வையை எடுக்கவில்லை.

"வா" என்றார், மெல்லிய குரலில்.

நான் மண்டரினைப் படியில் வைத்துவிட்டு அவரோடு போனேன். வேலுக்கு முன்னால் பாயை விரித்து என்னை இருத்தினார். அவர்கள் தீவில் சுடுகிற சின்னச் சின்ன மிளகாய் வடைகளைத் தட்டில் கொண்டு வந்து வைத்து, தானும் பக்கத்தில் இருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழும் இத்தாலியனும் அங்கே போதவில்லை. எதிர்க் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்களும் சேர்ந்து அடுத்த பாட்டைத் தொடங்கின.

அன்ரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பாட்டு அப்போதும் கேட்டது. திரும்பி வந்து தட்டை என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு" என்றார். "இன்னும்."